லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி

நகரத்துல இருந்து நம்ம வீட்டுக்கு வர்ற நண்பர்கள், திண்ணைச் சுவத்துல மாட்டியிருக்கிற ஏர்கன்னைப் பாத்ததும் ரெண்டு கேள்வி கேப்பாங்க. "இதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?" அப்புறம், "இதை வச்சு எதைச் சுடுவீங்க?" ரெண்டுக்கும் சின்ன பதில்தான். லைசென்ஸ் வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டையைச் சுடுவேன்.

ஆனா ஒரு சம்சாரி வீட்டுச் சுவத்துல ஏன் இந்தத் துப்பாக்கி மட்டும் தொங்குது, வேற எதுவும் ஏன் இல்லைங்கிறதுக்கு இருநூறு வருசத்துக் கதை ஒண்ணு இருக்கு. அந்தக் கதையில கும்பினி இருக்கு, மருது சகோதரர்கள் இருக்காங்க, அமெரிக்காவுல காத்தாடி வித்த கம்பெனி இருக்கு, நம்ம ஊரு பெட்ரோமாக்ஸ் லைட்டும் இருக்கு. அதைச் சொல்லாம ஏர்கன் ரிப்பேரைப் பத்தி மட்டும் எழுதினா பாதிதான் புரியும். அதனால கதையில ஆரம்பிச்சு ரிப்பேருக்கு வர்றேன்.

வேதாளையும் வளரியும்

நம்ம கடற்கரைக்குத் துப்பாக்கி புதுசு இல்லை. ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போறப்ப, மண்டபத்துக்கு முன்னால வேதாளைன்னு ஒரு ஊரு வரும். பஸ்ஸுல போறவங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. 1538-ல் அந்தக் கரையில் போர்த்துகீசியப் படைக்கும், கோழிக்கோட்டுச் சாமூதிரி பக்கம் நின்ற மரைக்காயர்களின் கப்பற்படைக்கும் பெரிய சண்டை நடந்தது. முத்துக்குளித்துறையும் இலங்கைக்குப் போகிற கடல்வழியும் யார் கையில் இருப்பது என்பதுதான் விஷயம். ஜெயித்தது போர்த்துகீசியர். வெடிமருந்து வாசம் நம்ம மணலுக்குத் தெரிஞ்சு ஐந்நூறு வருசம் ஆகப் போகுதுன்னு சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

பின்னால வந்த சேதுபதிகள் காலத்தில், இந்தச் சீமையில் படைவீரன் என்று தனியாகச் சம்பளத்துக்கு இருந்தவர்கள் கொஞ்சம்தான். கூப்பிட்டால் ஆயுதத்தை எடுத்துக்கிட்டுப் போறவன், மத்த நாளில் கலப்பையைப் பிடிக்கிறவன். இப்படித்தான் பெரும்பாலும் நடந்தது. வேல்கம்பும் வாளும் வளரியும் வீட்டுச் சாமான்கள். கொஞ்சம் வசதியானவர்களிடம் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி இருக்கும்.

வளரியைப் பாக்காதவங்களுக்குச் சொல்றேன். பிறை மாதிரி வளைஞ்ச ஒரு தடி. மரத்திலும் செய்வாங்க, இரும்பிலும் செய்வாங்க. சுழட்டி வீசினா ஓடுற மானோட காலை அடிச்சு விழுத்திடும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1795 வாக்கில் மதுரைப் பக்கம் இருந்தபோது சிவகங்கை மருது சகோதரர்களோடு அவருக்குப் பழக்கம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார். கை தேர்ந்தவன் வீசினால் நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் கணக்கு. அதே வெல்ஷ், ஆறு வருசம் கழித்து அதே மருதுகளைப் பிடிக்கப் போன படையில் இருந்தார்.

கையைக் காலியாக்கின வருசம்

1772 ஜூன் மாசத்தில் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபு படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. அதே மாசம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலுநாச்சியார் நாட்டைத் திரும்பப் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். 1795 பிப்ரவரியில் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிக் கைதியாகத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. 1809-ல் சென்னையில் சிறையிலேயே இறந்தார்.

சேதுபதியை எடுத்த கோபம் சும்மா போகவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் 1799-ல் ஆட்களைத் திரட்டிக் கும்பினிக் கச்சேரிகளைத் தாக்கினார். பிறகு மருதுகளோடு சேர்ந்தார். 1801 ஜூன் 16-ல் சின்ன மருது திருச்சியில் ஒட்டவைத்த அறிக்கை, அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டது, அடுத்த வருசம் மயிலப்பனுக்கும் தூக்கு. இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் மேடையிலும் வருகிற சேதிகள்.

மேடையில் அதிகம் வராத சேதி அதற்கப்புறம் நடந்தது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தென்சீமையில் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி ஆயுதம் வைத்திருந்தால் கடும் தண்டனை. தோற்ற பாளையக்காரரோடு முடிகிற உத்தரவு இல்லை அது. ஊர் ஊராக ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் சேர்த்துப் போட்டது. 1803-ல் ராமநாதபுரம் ஜமீனாக மாறியது. வரி கட்டினால் போதும், படை வேண்டாம் என்றார்கள்.

வளரி அப்படியே மறைஞ்சு போச்சு. சில ஊர்ல சாமி முன்னால வச்சுக் கும்பிடுற பொருளா மட்டும் நிக்குது. கும்பிடுறவங்க ஆயிரம் பேர் இருக்கலாம், வீசத் தெரிஞ்சவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். ஒரு ஆயுதம் தடைபட்டா, அதைச் செய்யிற ஆசாரியும் ரெண்டு தலைமுறையில இல்லாமப் போயிடுவாரு.

1857 கலகத்துக்குப் பிறகு இந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியது. லிட்டன் பிரபு காலத்தில், 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடே இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. காட்டுப்பன்றியும் நரியும் வர்ற ஊர்ல சம்சாரி கையில கம்பு மட்டும் இருந்தா எப்படிங்கிற கேள்வி அப்பவே இருந்திருக்கு.

அந்தக் காலத்துல எங்க பக்கத்துல துப்பாக்கின்னா ஜமீன் ஆட்கள் வீட்டுல ஒண்ணு ரெண்டு இருக்கும். இல்லைன்னா குறவர்கள் வச்சிருக்கிற நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில மருந்தைப் போட்டு, ரவையைப் போட்டு, கம்பியால கிட்டிச்சுச் சுடுறது. கம்மாய் நிறைஞ்சிருக்கிற மாசத்துல கொக்கு, காடைன்னு அடிச்சு விக்க வருவாங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும். (கம்மாய்ங்கிறது ஏரிக்கு நம்ம ஊர்ப் பேரு.)

காத்தாடியோட இலவசமா வந்தது

இப்படிக் கை காலியான ஊருக்குள்ள காத்துல சுடுற துப்பாக்கி எப்படி வந்துச்சு? அதுக்குக் கொஞ்சம் வெளியூர் போயிட்டு வரணும்.

காற்றுத் துப்பாக்கி குழந்தை விளையாட்டுச் சாமானாகப் பிறக்கவில்லை. 1780 வாக்கில் ஜிரார்தோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியா ராணுவமே வைத்திருந்தது. துப்பாக்கியின் பின்கட்டை தோல் வாஷர் போட்ட ஒரு காற்றுக் குடுவை. அதில் ஆயிரத்து ஐந்நூறு தடவை பம்பு அடித்து நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டால் இருபது குண்டுவரை அடுத்தடுத்துச் சுடலாம், புகையும் வராது. அப்படிப்பட்ட ஆயுதத்தை ராணுவம் ஏன் கைவிட்டது? பராமரிக்க முடியவில்லை. தோல் காய்ந்தால் காற்று கசிந்தது. பார்த்துச் சரிசெய்ய ஒவ்வொரு படையிலும் ஆள் இல்லை.

அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வழி தேடி 1803-ல் கிளம்பின லூயிஸ், கிளார்க் குழுவிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வழியில் இருந்த பழங்குடி மக்களை அசத்த அதைச் சுட்டுக் காட்டுவார்கள். 1805 ஜூன் 10-ஆம் தேதி லூயிஸ் தன் நாட்குறிப்பில் ஒரு சின்ன விஷயத்தை எழுதி வைத்தார். கூட வந்த ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர், காட்டுக்குள்ளேயே அந்தத் துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரிஞ்சு தேதியோட பதிவான ஏர்கன் ரிப்பேர் இதுதான். நம்ம ஊர்ல ஆயுதத்தை ஒப்படைச்சு நாலு வருசம்கூட முடியல அப்போ.

சாதாரண சம்சாரி கைக்கு இது வந்தது இன்னும் எண்பது வருசம் கழித்து. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிளைமவுத் என்ற ஊரில், கிணற்றுத் தண்ணி இறைக்கும் இரும்புக் காத்தாடி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. காத்தாடி வாங்குகிற விவசாயிக்கு இலவசமாகக் கொடுக்க 1880களின் கடைசியில் ஒரு சின்ன ஏர்கன் செய்தார்கள். கொஞ்ச நாளில் காத்தாடியைவிட ஏர்கன்னுக்குத்தான் கிராக்கி. 1895-ல் கம்பெனி பேரையே டெய்ஸி என்று மாற்றிவிட்டார்கள். ஜெர்மனியில் ராஸ்டாட் ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனிதான் டயானா. வேட்டைத் தெய்வம் வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏர்கன்னை உயர்த்திப் பிடித்திருப்பது அவர்கள் முத்திரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் மிஷின்கள் ஸ்காட்லாந்துக்குப் போயின. ராஸ்டாட்டில் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள்.

இந்தியாவில் ஏர்கன் என்றால் பெரும்பாலும் இந்த டயானா மாதிரியைப் பார்த்துச் செய்ததுதான். நம்ப மாட்டீங்க, சிமெண்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனியும் (வால்சந்த் ஹீராசந்த் 1926-ல் ஆரம்பிச்சது) ஏர் ரைபிள் செஞ்சு வித்துச்சு. பழைய வீடுகள்ல ஐ.எச்.பி. எழுத்துப் போட்ட துப்பாக்கியை இன்னைக்கும் பாக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1959-ல் புது ஆயுதச் சட்டம் போட்டார்கள். 1962-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, வேகம் குறைந்த ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விலக்கு கிடைத்தது. நூத்தி அறுபது வருசம் கழிச்சு எங்க சீமையில சாமானியன் ஒருத்தன் யார்கிட்டயும் கை கட்டி நிக்காம வாங்கிக்கிற முதல் துப்பாக்கி இதுதான். பறவை விரட்ட வாங்கினதா சொல்லுவாங்க. ஆனா ஆசை அது மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன்.

பெட்ரோமாக்ஸ்காரர் கை

வாங்கினது சரி, கெட்டுப்போனா? எங்க ஊர்ல இருந்து துப்பாக்கிக் கடை எங்க இருக்கு? ஆனாலும் இந்தச் சாமான் அறுபது வருசமா ஓடுது. காரணம், ஏர்கன்னோட உசுரு ஒரு தோல் வாஷர்ல இருக்கு. அந்த வாஷரைத் தெரிஞ்ச ஆளு ஒவ்வொரு ஊர்லயும் இருந்தாரு.

ஏர்கன் வேலை செய்யிறது ரொம்ப எளிமை. குழலை மடக்கிக் கீழே இழுத்தா, உள்ள இருக்கிற பிஸ்டன் பின்னால போய் ஸ்பிரிங்கை அமுக்கும். விசையோட கொக்கி அதைப் பிடிச்சுக்கும். குழலோட வாயில ஈயக் குண்டை (பெல்லட்) வச்சு மூடி, விசையை அமுக்கினா ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால தள்ளும். முன்னால இருக்கிற காத்து நெருங்கி, சின்ன ஓட்டை வழியாப் பாய்ஞ்சு குண்டைத் தள்ளும். அந்தப் பிஸ்டன் தலையில கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். காத்து அழுத்துறப்போ அதோட உதடு விரிஞ்சு சிலிண்டர்ச் சுவரோட ஒட்டிக்கும், காத்து பின்னால போகாது.

இதே வாஷர்தான் சைக்கிள் பம்புல இருக்கு. பம்பு ஸ்டவ்வுல இருக்கு. மீன்பிடிக்கப் போறவங்களும் கல்யாண வீட்டுக்காரங்களும் தூக்கிட்டுப் போன பெட்ரோமாக்ஸ் லைட்டுல இருக்கு. 1970கள்ல யுனிசெஃப் உதவியோட உருவாகி ஊர் ஊருக்கு வந்த இந்தியா மார்க் 2 அடிபம்புல "பக்கெட் வாஷர்"னு சொல்றதும் இதே சாமான்தான், அளவுதான் பெருசு. அதனால ஏர்கன்னைத் தூக்கிட்டு வந்தா பெட்ரோமாக்ஸ் ரிப்பேர்க்காரர் முழிக்க மாட்டாரு. தோலை வெட்டி, தண்ணியில ஊற வச்சு, கட்டையில அழுத்திக் கிண்ணமாக்கி, காய வச்சு, எண்ணெயில போட்டுக் கொடுத்துடுவாரு. கமலைச் சாலுக்குத் தோல் தைச்சுப் பழகின கைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆஸ்திரியா ராணுவத்துக்குக் கிடைக்காத ஆளு, எங்க ஊர் முக்குல சைக்கிள் கடை வச்சிருந்தாரு.

இன்னைக்கு வர்ற மாடல்கள்ல பெரும்பாலும் பிளாஸ்டிக் சீல். பெட்ரோமாக்ஸ் போயிருச்சு, பம்பு ஸ்டவ் போயிருச்சு, சைக்கிள் கடையும் குறைஞ்சுக்கிட்டே வருது. அதனாலதான் வீட்டுலயே பாத்துக்கத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்.

வீட்டுல பாத்துக்கிற அளவு

"குண்டு தொப்புன்னு விழுகுது, துப்பாக்கி போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, எதையும் கழட்டாதீங்க. கழட்டாம பாக்க வேண்டியது நாலு இருக்கு.

முதல்ல திருகாணி. ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் உதறும். கட்டையைப் பிடிச்சிருக்கிற திருகாணிகள் தளர்ந்துக்கிட்டே வரும். தளர்ந்தா குறி அலையும். பாதி வியாதி ஸ்க்ரூ டிரைவரோட முடிஞ்சிரும்.

ரெண்டாவது, குழல் மடங்குற இடத்துல இருக்கிற சின்ன வளையம். அந்த மூட்டு மேல ஒரு மெல்லிசான டிஷ்யூ பேப்பர்த் துண்டை வச்சு, குண்டு போட்டு, பின்னால மண் மேடு இருக்கிற இடமாப் பாத்துச் சுட்டுப் பாருங்க. பேப்பர் துள்ளினா காத்து அங்கதான் கசியுது. வளையத்தை மாத்தினா போதும்.

மூணாவது, தோல் வாஷர். பழைய துப்பாக்கியா இருந்து ரொம்ப நாள் சும்மா கிடந்தா தோல் காஞ்சிருக்கும். காத்து பாயுற ஓட்டை வழியா ரெண்டு மூணு சொட்டு எண்ணெய் விட்டு, குழல் மேல பாக்கிற மாதிரி ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சா தோல் இளகிக்கும். எங்க அய்யா விளக்கெண்ணெய்தான் விடுவாரு, கமலைத் தோலுக்கு விட்ட பழக்கம். இப்போ சிலிக்கான் எண்ணெய் கிடைக்குது, அதுதான் நல்லது. மோட்டார் ஆயிலும் தையல் மிஷின் எண்ணெயும் உள்ள போகக்கூடாது. காத்து சட்டுன்னு நெருங்குறப்போ சூடாகும், அந்தச் சூட்டுல எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும். டீசல் என்ஜின் ஓடுற அதே முறைதான். 'டமார்'னு சத்தமும் லேசாப் புகையும் வரும். "ஆகா, பவர் வந்துருச்சு"ன்னு சந்தோசப்படுவாங்க. வர்றது பவர் இல்லை, ஸ்பிரிங்கும் சீலும் உடையப் போற சத்தம்.

நாலாவது, குறி. பத்து மீட்டர்ல ஒரு அட்டையை வச்சு, கையைத் தாங்கல்ல ஊன்றி, அஞ்சு குண்டு சுடுங்க. அஞ்சும் ஒரே இடத்துல கூடி, ஆனா குறிக்கு விலகி இருந்தா, துப்பாக்கி நல்லா இருக்கு, சைட்டை மட்டும் நகத்தணும். பின்னால இருக்கிற சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே நகத்தணும். மேல போகணும்னா மேல, இடது போகணும்னா இடது. அஞ்சும் அஞ்சு திசையில சிதறினா சைட்டைத் தொடாதீங்க, திரும்பத் திருகாணிக்கும் குண்டுக்கும் போங்க. திருவிழாவுல பலூன் சுடுற கடையில நம்ம குறி ஏன் தப்புதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும். அந்தத் துப்பாக்கிக்கு நாளைக்கு ஆயிரம் சூடு, சைட்டு எங்கிட்டோ நிக்கும்.

உள்ள இருக்கிற ஸ்பிரிங் மட்டும் வேற விஷயம். துப்பாக்கி இழுக்காம இருக்கிறப்பவே அது பாதி அமுங்கித்தான் கிடக்கும். பின்மூடியோட ஆணியைத் தட்டி எடுத்த நொடியில மூடி மூஞ்சியில பாயும். கிளாம்ப் போட்டு மெதுவா விடத் தெரிஞ்சவர் மட்டும்தான் அதைத் திறக்கணும். குண்டு போடுறப்போ ஒரு கை குழலைப் பிடிச்சே இருக்கணும், விரல் விசைப் பக்கம் போகவே கூடாது. குண்டு இல்லாம சும்மா சுடக்கூடாது. முன்னால காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் இரும்புல மோதும்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல உப்பு எல்லாத்து மேலயும் படியும். கை வேர்வை பட்ட இடத்துல ஒரே வாரத்துல துரு பூக்கும். சுட்டு முடிச்சதும் எண்ணெய்த் துணியால ஒரு தடவை துடைச்சு வச்சா குழல் பேரன் காலம் வரைக்கும் வரும்.

20 ஜூல்

இப்போ முக்கியமான விஷயம். இளவட்டங்க எங்கிட்ட வந்து கேக்கிறது சரிபண்ணிக் கொடுக்கச் சொல்லி இல்லை. "அண்ணே, தடிமனான ஸ்பிரிங் போட்டுப் பவர் ஏத்திக் கொடுங்க, பன்னி தொல்லை தாங்க முடியல"ன்னுதான்.

அவங்க கோபம் எனக்கும் இருக்கு. புரட்டாசியில விதைச்சு, மழையை நம்பி உக்காந்திருக்கிற பூமி இது. நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான். ஆனா அந்த மிளகாய் நாத்தை மயில் கூட்டம் ஒரு காலையில கொத்திட்டுப் போயிடும். சீமைக்கருவேலங் காட்டுக்குள்ள பகல் முழுக்கப் படுத்துக் கிடந்த பன்றி ராத்திரியில இறங்கினா விடியக்காலை வயலைப் பாக்க முடியாது.

ஆனா கணக்கைப் பாருங்க. 2016-ல் வந்த ஆயுத விதிகள்படி, குழல் 0.177 அங்குலத்துக்கு (4.5 மில்லிமீட்டர்) மேல போகாம, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலைத் தாண்டாம இருக்கிற வரைக்கும்தான் லைசென்ஸ் வேண்டாம். அரை கிராம் குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்துல போனா 10 ஜூல். அதே குண்டு 283 மீட்டரைத் தொட்டா 20 ஜூல். அதுக்கு மேல போனா, வெளியில பாக்க அதே துப்பாக்கிதான், சட்டத்தின் முன்னால அது லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கிற ஆயுதம். கோட்டைத் தாண்டுறது ஒரு ஸ்பிரிங்குல நடந்துரும்.

தாண்டியும் பிரயோசனம் இல்லை. அரை கிராம் ஈயம் பன்றியைக் கொல்லாது. தோலுக்குள்ள போய் உக்காந்து புண்ணாக்கும். வலியில இருக்கிற பன்றி அடுத்த நாள் எதிர்ல வர்ற பொம்பளைப் பிள்ளையைத்தான் முட்டும். மயில் 1963-ல் தேசியப் பறவையானது, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. சுட்டா குறைஞ்சது மூணு வருசம் ஜெயில். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையில இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற காட்டுப்பன்றியைச் சுடலாம்னு அறிவிச்சுது. ஆனா சுடப்போறது வனத்துறை ஆளு, சம்சாரி இல்லை.

இதைக் கேட்டதும், "1801-ல பிடுங்கினது இன்னும் திரும்பக் கொடுக்கலையா"ன்னு ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அன்னைக்குக் கும்பினி ஆயுதத்தை வாங்கினது நம்மைப் பாத்துப் பயந்து. இன்னைக்கு இருக்கிற கட்டுப்பாடு பறவைக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேத்துப் போட்டது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வரல. ஆனா பயிர் போனவனுக்கு நஷ்டஈடு நேரத்துக்கு வந்தாத்தான் இந்த வித்தியாசம் அவனுக்குப் புரியும். கம்பையும் பிடுங்கிட்டுக் காவலுக்கும் வராம இருந்தா, அவன் தடிமனான ஸ்பிரிங்கைத்தான் தேடுவான். அதை அரசாங்கமும் யோசிக்கணும்.

சரியா பராமரிச்ச ஏர்கன்னுக்கு நல்ல வேலை இருக்கு. 1984-ல் ஒலிம்பிக்ஸில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டி சேர்ந்தது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அதில் வந்ததுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினதும் இதே ஏர் ரைபிளில். எங்க தெருப் பிள்ளைங்களுக்கு நான் சிரட்டை கட்டித் தொங்கவிட்டுக் கொடுக்கிறேன். மூச்சை நிறுத்தி, விசையை இழுக்காம அமுக்கப் பழகினா போதும், புத்தகத்திலயும் மனசு நிக்கும்.

கடைசியா ஒரு ஊரைச் சொல்லணும். மேல சொன்ன மயிலப்பன் சேர்வைக்காரரோட சித்திரங்குடி. அந்த ஊர்க் கம்மாய் 1989-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு, அப்புறம் ராம்சார் தலம்னு உலக அளவுல சேத்தாங்க. மழை நல்லா பேஞ்ச வருசம் மார்கழி, தை மாசத்துல போனா, கருவ மரத்துக்கு மரம் கூடு. நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன். ஒரு காலத்துல சீமையே ஆயுதம் எடுத்த ஊர். இப்போ அங்க துப்பாக்கிச் சத்தம் கேக்கக்கூடாதுங்கிறதை ஊர்க்காரங்களே பாத்துக்கிறாங்க. ஊருக்கு வந்தா ஒரு நடை போய்ப் பாருங்க. ஏர்கன்னைக் கொண்டு போகாதீங்க, பைனாகுலர் கொண்டு போங்க.